மாலக்கி டோலன் வாங்காத பட்டம்

பல்கலைக்கழகத்தின் படியை ஒருமுறைகூட மிதிக்காமலே மாலக்கி டோலன் அரசாங்கத்தின் கணினியில் ஆனர்ஸ் பட்டதாரி ஆகிவிட்டான். அந்தப் பட்டத்தை அவனுக்கு வாங்கிக் கொடுத்தது அவனுடைய வாய்தான்.

அயர்லாந்துச் சதுப்பில் வெட்டிய கரிமண்ணை எரித்து மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்த நிலையத்தை மூடிய மறுவாரம், வேலை போனவர்கள் எல்லோரும் சமூகநல அலுவலகத்தில் வரிசை கட்டி நின்றார்கள். மாலக்கி அங்கே கன்வேயர் பெல்ட்டைக் கவனித்துக்கொண்டு இருபத்தாறு வருடம் ஓட்டியவன். கவுன்ட்டருக்குப் பின்னால் டப்ளினிலிருந்து புதிதாக வந்த ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர், முகவரி எல்லாம் கேட்டு முடித்து, "கடைசியா என்ன படிச்சீங்க?" என்றாள்.

உண்மையான பதில் சின்னது. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் அவன். ஆனால் பின்னால் பதினோரு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பதினோரு பேரும் கூட வேலை பார்த்தவர்கள்.

"சதுப்பு நிலவியல்ல ஆனர்ஸ் பட்டம்," என்றான் மாலக்கி. "முதல் வகுப்பு."

வரிசை சிரிப்பில் குலுங்கியது. "அடக்கமா சொல்றான் பாரு, தங்க மெடலை விட்டுட்டான்," என்றான் பின்னால் நின்ற மேட்டி.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. தட்டச்சு செய்தாள். "எந்த வருஷம்?"

"தொண்ணூத்தாறு. மழை ஜாஸ்தியா பெஞ்ச வருஷம்."

அதையும் தட்டினாள். மழையை விட்டுவிட்டு வருடத்தை மட்டும் தட்டினாள் என்று நம்புவோம்.

அந்த ஊர்ப் பக்கத்தில் ஒருவன் முகத்தை மாற்றாமல் ஒரு புளுகு விட்டால், கேட்பவரும் முகத்தை மாற்றாமல் வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. முதலில் சிரிப்பவர் தோற்றவர். அதனால் இந்தப் பெண் தன்னைவிடப் பெரிய கில்லாடி என்று மாலக்கி மனதார நினைத்தான். ஒரு மாதம் மதுக்கடையில் அந்தக் கதையைச் சொல்லியே இரண்டு மூன்று கோப்பை ஓசியில் குடித்தான். அவள் டப்ளின்காரி, கேட்டதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லி அனுப்பப்பட்டவள் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு வருடம் அவன் வாரா வாரம் தபால் நிலையத்துக்குப் போய் வேலையில்லாதோர் உதவித்தொகையை வாங்கிக்கொண்டிருந்தான். நாற்பத்தேழு வயதுக் கன்வேயர் பெல்ட்காரனுக்கு அந்த ஊரில் யாரும் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. அப்புறம் மேட்டிக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்தது. பார்க்கப் போன மாலக்கி, மேட்டிக்குச் சவரம் செய்துவிட்டான். பக்கத்துக் கட்டில் கிழவர் தனக்கும் என்றார். மூன்று வாரத்தில் அந்த வார்டின் ஆறு தாடையும் அவன் கைக்கு வந்துவிட்டது. "இதையே தொழிலா செய்யலாமே நீங்க," என்று தலைமை நர்ஸ் சொன்னபோது அவள் கிண்டல் செய்வதாகத்தான் நினைத்தான். அவள் கையோடு விண்ணப்பத்தையும் கொடுத்தாள்.

வயதில் மூத்தவர்களுக்கென்று நர்சிங் படிப்பில் ஏழு இடம். இருநூறு பேர் தேர்வு எழுதினார்கள். ஏழில் ஒன்று மாலக்கிக்கு. கடிதம் வந்த அன்று அவன் மனைவி நோரீன் அதை மூன்று தடவை படித்துவிட்டு, "வேற மாலக்கி டோலன் யாராவது இருக்கானா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவன் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தாள்.

முழுநேரமாகப் படிக்கத் திரும்பும் பெரியவர்களுக்கு அரசாங்கம் ஓர் உதவித்தொகை தருகிறது. வேலையில்லாமல் வாங்கிக்கொண்டிருந்ததற்குப் பதிலாக அதை வாங்கிக்கொண்டு படிக்கலாம். ஒரு நிபந்தனை உண்டு: ஏற்கெனவே படித்ததற்கு மேலே ஒரு படியாவது ஏற வேண்டும். பட்டம் வாங்கியவன் இன்னொரு பட்டம் வாங்க அரசாங்கம் சோறு போடாது. பதினைந்தில் படிப்பை விட்ட மாலக்கி இந்த நிபந்தனையைப் படித்துவிட்டு, "நமக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் மேல் படிதான்," என்று நோரீனிடம் பீற்றிக்கொண்டான்.

ஆகஸ்ட் கடைசியில் ஜன்னல் வைத்த பழுப்பு அரசாங்க உறை வந்தது.

'எங்கள் பதிவுகளின்படி தாங்கள் 1996ஆம் ஆண்டு ஆனர்ஸ் பட்டம் பெற்றிருப்பதால்' என்று தொடங்கியது. விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. பட்டத்தின் மூலச் சான்றிதழுடன் விளக்கம் தரவும். மாலக்கிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கடைசி வரிக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. உதவித்தொகை தொடர்பாகத் தவறான தகவல் அளிப்பது தண்டனைக்குரிய குற்றம். அந்த ஒரு வரியை ஒன்பது தடவை படித்தான்.

ஓடுவதற்கு வழி இல்லை. பட்டம் உண்டு என்று சொல்லிவிட்டால் பணம் கிடையாது. பட்டம் இல்லை என்று சொன்னால், அரசாங்கத்திடம் பொய் சொன்னேன் என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகும். கடிதத்தை மடித்து, சமையலறை இழுப்பறையில் இருந்த கொதிகலன் கையேட்டுக்குள் வைத்தான். அந்த வீட்டில் ஒருவரும் எந்தக் காலத்திலும் திறக்காத புத்தகம் அது ஒன்றுதான்.

செப்டம்பரில் வகுப்பு தொடங்கியது. முழுநேரம் படிப்பவன் வேலைக்குத் தயாராக இருக்கிறேன் என்று சொல்லிப் பணம் வாங்கக் கூடாது. அந்த விதியாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று மாலக்கி தானே போய்ப் பழைய உதவித்தொகையை நிறுத்திவிட்டு வந்தான். இனி வீட்டுக்கு வருவது நோரீன் ஹோட்டல் சலவை அறையில் சம்பாதிப்பது மட்டும். ஹோட்டலோ அக்டோபர் கடைசியில் சாத்தினால் மார்ச்சில்தான் திறக்கும்.

"பணம் எப்ப வரும்?" என்று அவள் கேட்டாள்.

"வரும். ஆபீஸ்ல கொஞ்சம் லேட்டாம்."

"எவ்ளோ லேட்டு?"

"அரசாங்க லேட்டு."

அவள் சிரித்துவிட்டு வேலைக்குப் போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை கதவருகில் நின்றுவிட்டு, அவன் கொதிகலன் கையேடு இருந்த இழுப்பறையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினான்.

கல்லூரியில் இன்னொரு கெடு. விலகுகிறவர்கள் அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் விலகிவிட வேண்டும். அதற்கு மேல் இருந்தால் வருடக் கட்டணம் தலையில் விழும். விலகினால் இடம் போய்விடும். அடுத்த வருடம் மறுபடி இருநூறு பேரோடு தேர்வு எழுத வேண்டும். ஒருமுறை தன்னை அறியாமல் பாஸ் ஆனவன் இரண்டாவது முறை அறிந்தே ஃபெயில் ஆவான் என்பதில் மாலக்கிக்குச் சந்தேகமே இல்லை.

யாராவது ஒருவர் நேராக ஒரு பதில் சொன்னால் போதும் என்று கிளம்பினான். தொலைபேசி உதவி எண்ணில் காத்திருக்கச் சொல்லி நாற்பது நிமிடம் பிடில் வாசித்தார்கள். அப்புறம் ஒருவன் வந்து, "உங்க விண்ணப்பம் பரிசீலனையில இருக்கு," என்றான்.

"முடிவு எந்தப் பக்கம் சாயுது?"

"பரிசீலனை முடிஞ்சதும் தெரியும்."

பல்கலைக்கழகத்துக்கு எழுதினான்: நான் உங்களிடம் படிக்கவே இல்லை என்று ஒரு சான்றிதழ் தர முடியுமா? எங்களிடம் படிக்காதவரைப் பற்றி எங்களிடம் தகவல் இல்லை, தகவல் இல்லாததைப் பற்றிச் சான்றளிக்க இயலாது என்று பதில் வந்தது. படித்துக் கிழித்தவனுக்கு ஒரு தாள் கிடைக்கிறது, படிக்காதவனுக்கு அதுகூடக் கிடையாது என்று நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை கவுன்சிலர் லோர்கன் மதுக்கடையின் பின்னறையில் மக்களைச் சந்திப்பார். ஓய்வூதியம், சாலைக் குழி, வீட்டு மனு எல்லாம் அங்கேதான். மாலக்கி தன் முறை வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். லோர்கன் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எழுந்து மாலக்கியின் முழங்கையைப் பிடித்தார்.

"என்கிட்ட விட்டுடு மாலக்கி. நான் பாத்துக்கறேன்."

"அப்ப கிடைச்சிடுமா?"

"நான் ஒரு வார்த்தை போட்டு வைக்கிறேன்."

"போட்டா கிடைக்குமா?"

"உனக்கு ஒண்ணும் ஆகாதுய்யா. எல்லாம் சரியாப் போயிடும். நோரீன் சௌக்கியமா?"

வெளியே வந்தபோது முழங்கை மட்டும் கதகதப்பாக இருந்தது. உள்ளே போனபோது இருந்ததைவிடக் கூடுதலாக ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

மேட்டி கைத்தடியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தான். அவன் சமாதானம் சொல்கிற ஜாதி இல்லை.

"என் தங்கச்சி புருஷனோட சித்தப்பாவுக்கு இப்படித்தான்டா ஆச்சு," என்றான். "ஒருநாள் ஒரு கார் வந்து நின்னுச்சு. கோட்டு போட்டவன் ஒருத்தன், கையில ஃபைலு. உதவித்தொகை ஆபீஸ் இன்ஸ்பெக்டர். வீட்டைச் சுத்திச் சுத்திப் பாத்தானாம். அப்புறம் கோர்ட்டு, பேப்பர்ல பேரு."

"அப்புறம்?"

"செத்துட்டாரு."

"அதனாலயா?"

"இல்ல, எண்பத்தெட்டு வயசு. ஆனா பேப்பர்ல வந்தது வந்ததுதானே."

"வரிசையில நீதானே சிரிச்ச? சாட்சிக்கு வர்றியா?"

"நான் அன்னிக்கு அங்க இல்லடா," என்றான் மேட்டி, முகத்தை மாற்றாமல். அவன் விளையாடுகிறானா என்று மாலக்கிக்குத் தெரியவில்லை. நாற்பது வருட நட்பில் அது அவனுக்குத் தெரியாமல் போனது அன்றுதான்.

வகுப்பில் நாடி பார்க்கப் பழக்கினார்கள். அவனோடு ஜோடி சேர்ந்த பத்தொன்பது வயதுப் பெண் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். "நூத்திப் பதினெட்டு வருது," என்றாள் பயந்துபோய். "நான் தப்பா பாக்கறேனா?"

"நீ சரியாத்தான் பாக்கற கண்ணு. இந்தப் பெட்டியில தப்பு," என்று மார்பைத் தட்டிக் காட்டினான். அவள் சிரித்தாள், கையை விடவில்லை. அன்று பேருந்தில் வரும்போது ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்தபடி, அந்த வகுப்பை இழந்தால் தன்னிடம் என்ன மிஞ்சும் என்று யோசித்தான். யோசனை ஓர் இடத்துக்கு மேல் போக மறுத்தது.

அக்டோபர் இரண்டாவது புதன், மதியம் வகுப்பு இல்லை. சமையலறையில் எலும்புகளின் பெயரை உருப்போட்டுக்கொண்டிருந்தான். வாசலில் ஒரு நீலக் கார் வந்து நின்றது.

இறங்கியவன் மழைக்கோட்டு போட்டிருந்தான். கையில் ஃபைல்.

மாலக்கி தரையில் விழுந்தான். படுத்தான் என்று சொன்னால் அதில் ஏதோ திட்டம் இருந்ததாக ஆகிவிடும். அவன் விழத்தான் விழுந்தான். கன்னம் ஓட்டுத் தரையில் ஒட்டியது. கதவு தட்டப்பட்டது. நாய் எழுந்து வந்து அவனைப் பார்த்தது, கதவைப் பார்த்தது, மறுபடி அவனைப் பார்த்தது. "குரைச்சுடாதே," என்று உதட்டை மட்டும் அசைத்தான். மறுபடி தட்டல். அப்புறம் சரளைக்கல்லில் காலடிச் சத்தம், வீட்டைச் சுற்றிக்கொண்டு. அவன் ஊர்ந்து மேஜைக்கு அடியில் போனான். பின்ஜன்னல் இருண்டது. ஓர் ஆளின் தலை நிழல் தரையில் நீண்டு வந்து, மேஜைக் காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. மாலக்கி மூச்சை அடக்கினான். பேப்பரில் தன் பெயர் எந்தப் பக்கத்தில் வரும் என்று பார்த்தான். கல்லூரி வாசலில் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் அதைப் படிப்பதைப் பார்த்தான். சலவை அறையில் நோரீன் உள்ளே வந்ததும் பேச்சு நிற்பதைப் பார்த்தான். நிழல் போயிற்று. கதவில் இருந்த தபால் துளை வழியாக ஒரு காகிதம் விழுந்தது. கார் போயிற்று.

அவன் எழுந்திருக்கவில்லை. அந்தக் காகிதத்தைத் தொட அவனுக்குத் தைரியம் இல்லை. தொடாமல் தாண்டிப் போகவும் தைரியம் இல்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து நோரீன் வந்தாள். காகிதத்தை எடுத்துப் படித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"டிவி லைசென்ஸ் பணம் கட்டியாச்சான்னு பாக்கறவன் வந்துட்டுப் போயிருக்கான். அதான் போன மாசமே கட்டிட்டோமே." நின்றாள். "நீ ஏன் மேஜைக்கடியில இருக்க?"

மாலக்கியின் வாயில் நாலைந்து வேடிக்கைப் பதில்கள் வந்து முட்டிக்கொண்டு நின்றன. "கொதிகலன் கையேடு," என்று மட்டும் சொல்லி இழுப்பறையைக் கை காட்டினான்.

அவள் கடிதத்தை எடுத்துப் படித்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

"ஆகஸ்ட் கடைசியிலருந்து."

"வரும் வரும்னு என்கிட்ட சொன்ன."

"அது பொய் இல்ல. ஒரு நம்பிக்கைதான்."

"மாலக்கி."

அவன் பேச்சை நிறுத்தினான். அவள் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். அவள் திட்டினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"என்கிட்டயுமா?" என்றாள் கடைசியில். "ஊர் கேலி பண்ணுமேன்னு நீ அங்க புளுகு அடிச்ச, சரி. நான் உன்னைப் பாத்து எப்ப சிரிச்சேன்?"

"எல்லாத்தையும் விட்டுட்டு வீட்டுக்கு வான்னு நீ சொல்லிடுவியோன்னு பயம். படிப்பை விட்டுருன்னு."

"உனக்கு அந்தப் படிப்பு வேணுமா?"

"வெள்ளைச் சட்டை எனக்கு எடுப்பா..."

அவள் காத்திருந்தாள். நாய்கூடக் காத்திருந்தது.

"வேணும்," என்றான். சொன்னதும் பயம் இரண்டு மடங்காயிற்று. வேண்டாததை இழப்பது பெரிய விஷயமில்லை. அதனால்தான் இத்தனை நாள் அவன் அந்த வார்த்தையைச் சொல்லாமல் வைத்திருந்தான்.

நோரீன் எழுந்து அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டாள். பிடில் வாசிப்பை ஐம்பது நிமிடம் நின்றுகொண்டே கேட்டாள். யாரோ எடுத்ததும், "என் வீட்டுக்காரன் ஒரு மடையன், குத்தவாளி இல்ல. நேர்ல வந்து சொல்லணும். நாள் குடுங்க," என்றாள். அக்டோபர் இருபத்தெட்டு கொடுத்தார்கள். கெடுவுக்கு மூன்று நாள் முன்னால்.

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு," என்று அன்று காலையில் அவன் காலரைச் சரி செய்தாள். "யாரையும் சிரிக்க வைக்காதே. அவங்களா சிரிச்சாலும் நீ சிரிக்காதே."

அலுவலகத்தில் அவனை ஓர் அறைக்குள் விட்டார்கள். இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு கணினி. ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஓர் அம்மாள், கம்பளிச் சட்டை, கழுத்துச் சங்கிலியில் மூக்குக்கண்ணாடி. மார்பு அட்டையில் அட்ராக்டா என்று இருந்தது. கோப்பைத் திறந்தாள்.

"பட்டச் சான்றிதழ் கொண்டு வந்தீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"அப்படி ஒண்ணு கிடையாது."

"தொலைஞ்சுடுச்சா?"

"இல்லீங்க. நான் வாங்கவே இல்ல. பதினஞ்சு வயசுல பள்ளிக்கூடத்தை விட்டவன் நான்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "பதிவுல ஆனர்ஸ்னு இருக்கு. நீங்க சொல்லித்தானே ஏத்தியிருக்காங்க?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"எதுக்கு?"

வேடிக்கைக்கு என்று சொல்லலாம், அது பாதி உண்மை. "எனக்குப் பின்னாடி என்னோட வேலை பாத்தவங்க பதினோரு பேர் நின்னுக்கிட்டிருந்தாங்க," என்றான். "முந்தின வாரந்தான் வேலை போயிருக்கு. இனிமே என்னை யார் சேத்துக்குவாங்கன்னு பயம். அந்த நேரத்துல, ஒண்ணும் படிக்கலன்னு அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட சத்தமா சொல்ல வாய் வரல. அவங்க சிரிச்சா என் பேச்சுக்குத்தான் சிரிக்கணும், என்னைப் பாத்து இல்லன்னு நெனச்சேன்."

அவள் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். தட்டினாள். நிறுத்தினாள். மறுபடி தட்டினாள். சுவரில் கடிகாரம் ஓடியது. அவள் புருவத்தைச் சுருக்கும்போதெல்லாம் அவன் வகுப்பிலிருந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார வைக்கப்படுவதுபோல் இருந்தது. புருவம் நாலு தடவை சுருங்கியது.

"பதினாறு வயசுல என்ன பண்ணீங்க?"

"மரமில்லுல இருந்தேன்."

"எது வரைக்கும்?"

"தொண்ணூத்தினாலு. அப்புறம் மின்நிலையம்."

"இடையில ஒரு வாரமாவது சும்மா இருந்தீங்களா?"

"கீழ விழுந்து கை உடைஞ்சப்ப ரெண்டு வாரம்."

"தொண்ணூத்தி மூணு மார்ச்."

அவன் விழித்தான்.

"உங்க சமூகக் காப்பீட்டுச் சந்தா எல்லாம் இங்க இருக்கு," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒவ்வொரு வாரமும் உங்க சம்பளத்துல பிடிச்சு இங்கதான் கட்டியிருக்காங்க. பட்டம் வாங்கினதா சொல்ற அந்த நாலு வருஷமும் முழு வாரமும் வேலை பாத்திருக்கீங்க. ரெண்டு வாரம் மட்டும் இல்ல."

தான் ஊரெல்லாம் தேடிய தாள், தன்னைப் பயமுறுத்திய அதே கட்டடத்துக்குள் முப்பது வருடமாக இருந்திருக்கிறது என்பது மாலக்கிக்கு மெதுவாகத்தான் உறைத்தது. ஆனால் அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. பொய் சொன்னதற்கும் அதுதானே அத்தாட்சி. அவள் ஏதோ ஒரு படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தாள். தலைகீழாக இருந்ததால் அவனால் படிக்க முடியவில்லை. எழுதி முடித்து, தேதி போட்டு, கோப்பை மூடினாள்.

"சரி," என்றாள். "அவ்வளவுதான்."

அவன் எழுந்திருக்கவில்லை.

"அட்ராக்டா," என்றான். "ரெண்டு மாசமா எல்லாரும் பாக்கலாம், சரியாப் போயிடும்னே சொல்றாங்க. நீங்களும் கடிதம் வரும்னு சொல்லி அனுப்பிடாதீங்க. முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள நான் கல்லூரிக்குச் சொல்லணும். கிடையாதுன்னா கிடையாதுன்னே சொல்லிடுங்க. கோர்ட்டுக்குப் போகணும்னாலும் சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன்."

தாங்கிக்கொள்ள மாட்டான் என்பது அவன் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். சங்கிலியில் அது ஆடி நின்றது.

"முடிவு பண்றது நான்தான். பண்ணிட்டேன்," என்றாள். "அந்தப் பொய்யால நீங்க ஒரு காசும் கூடுதலா வாங்கல, அதனால உங்க மேல நடவடிக்கை எதுவும் கிடையாது. உதவித்தொகை உங்களுக்குக் கிடைக்கும், வகுப்பு தொடங்கின நாள்லருந்தே."